ட்வின், ஏசி30, மார்ஷல்: பெங்களூரில் பழைய ஆம்ப் வாங்கப் போகிறவருக்கு

பெங்களூரில் கிட்டார்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் பழைய வால்வு ஆம்ப்பில், அதாவது கண்ணாடி வால்வு போட்டு கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில், வந்துதான் நிற்கும். அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் சர்ச்சிலும் மெல்லிசைக் கச்சேரியிலும் வாசிக்கிறவர்கள் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்பார்கள். இந்திராநகர் பப்பில் ராக் வாசிக்கும் பையன்களுக்கு மார்ஷலைத் தவிர வேறெதுவும் ஆம்ப்பே இல்லை. வாக்ஸ் ஏசி30 என்று சொல்பவர் கூட்டத்தில் ஒருவர்தான் இருப்பார், ஆனால் அவரை யாராலும் மாற்ற முடியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதைச் சத்தம் மட்டும் தீர்மானிக்காது. இவற்றைப் பிரபலமாக்கியவர்களே சத்தத்தை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. கையில் இருந்த காசு, பக்கத்தில் இருந்த கடை, கார் டிக்கியின் அளவு என்று பல கணக்குகள் அதில் உண்டு. நமக்கும் கணக்கு உண்டு: 230 வோல்ட் கரண்ட், ரிப்பேர் பார்க்க ஆள், தூக்கிக்கொண்டு போக ஆட்டோ.

மார்ஷல் பிறந்த கதையே இறக்குமதி விலையின் கதை. லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் ஆசிரியர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அங்கே வந்த பையன்கள் கேட்டது ஃபெண்டர் பாஸ்மேன் என்ற ஆம்ப். அமெரிக்காவிலிருந்து வருவதால் அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. சரி, நாமே செய்துவிடலாம் என்று 1962-ல் கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இருவருடன் சேர்ந்து பாஸ்மேனின் 5எஃப்6-ஏ என்ற மாடல் சர்க்கியூட்டை அப்படியே எடுத்தார்கள். ஆனால் உள்ளே போட்ட சாமான் இங்கிலாந்தில் கிடைத்தது. முதல் வால்வு ஈசிசி83, பவருக்கு பெரும்பாலும் கேடி66. பாஸ்மேனின் முதுகு திறந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் நாலு. இவர்கள் மூடிய பெட்டியில் 12 அங்குல செலஸ்டியன் கம்பெனி ஸ்பீக்கர் நாலு வைத்தார்கள். நகல் எடுக்கப்போய் வேறு ஜாதி ஆம்ப் பிறந்துவிட்டது. அதுதான் ஜேடிஎம்45.

கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் அந்த ஜேடிஎம்45-ஐயே கார் டிக்கியில் அடங்குகிற மாதிரி, ஸ்பீக்கரும் ஆம்ப்பும் ஒரே பெட்டியாகச் செய்துதரச் சொன்னதாக ஜிம் மார்ஷலே சொல்லியிருக்கிறார். 1966-ல் ஜான் மேயாலின் குழுவோடு அவர் பதிவு செய்தது அந்தப் பெட்டியை வைத்துத்தான். குழுவின் பெயரான ப்ளூஸ்பிரேக்கர் அந்த ஆம்ப்புக்கே நிலைத்துவிட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸை மார்ஷலிடம் அழைத்துப் போனது அவருடைய டிரம்மர் மிட்ச் மிட்செல். அவர் மார்ஷலிடம் டிரம்ஸ் படித்தவர். ஹென்ட்ரிக்ஸ் இனாமாகக் கேட்கவில்லை. முழு விலை கொடுக்கிறேன், உலகத்தில் எங்கே போனாலும் ரிப்பேர் பார்க்க வசதி வேண்டும் என்றாராம். மேடைக்கு மேடை ஆம்ப்பை இவ்வளவு முரட்டுத்தனமாக நடத்தியவர் முதலில் கேட்டது சர்வீஸ்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

வாக்ஸ் ஏசி30-யின் ஊர் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து டார்ட்ஃபர்ட். டாம் ஜென்னிங்ஸின் கம்பெனி, வடிவமைத்தவர் டிக் டென்னி. முதலில் வந்தது 15 வாட் ஏசி15. ரசிகைகளின் கூச்சலுக்கு நடுவே அது எடுபடவில்லை என்று ஷேடோஸ் குழு கேட்க, இரட்டிப்பாக்கி ஏசி30 செய்தார்கள். பீட்டில்ஸுக்கு 1962-ல் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் பேசி வாங்கிக் கொடுத்தார். பதிலுக்கு வாக்ஸுக்கு விளம்பரம். குவீன் குழுவின் பிரையன் மே கதைதான் இருப்பதில் சுவையானது. இளைஞராக இருந்தபோது கிட்டார்காரர் ரோரி கேலகரின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு நேரே அவரிடமே போய் இந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறார். கேலகர் ஒளிக்கவில்லை: ஏசி30, முன்னால் மேல்ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு சின்ன ட்ரெபிள் பூஸ்டர் பெட்டி. பிரையன் மே போய் செகண்ட்ஹேண்டில் இரண்டு ஏசி30 வாங்கினார். பின்னாளில் மேடையில் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கியிருந்தது அதே ஏசி30தான்.

ஃபெண்டர் பக்கம் பாடகர், கிட்டார்காரர் நீல் யங். அவருடைய ஆம்ப் 1959-ல் செய்த டீலக்ஸ். 1967-ல் லாஸ் ஏஞ்சலஸில் பழைய சாமானாக ஏறக்குறைய 50 டாலருக்கு வாங்கியது. இன்றுவரை மேடையில் அதுதான். குமிழ்களைக் காலால் திருப்ப மோட்டார் வைத்த ஒரு கருவியை அதன் தலையில் ஏற்றியிருக்கிறார். ட்வின் ரிவெர்புக்கு அறிமுகமே தேவையில்லை. 1969 ஜனவரி 30 அன்று பீட்டில்ஸ் மொட்டைமாடியில் வாசித்தபோது பின்னால் நின்றது ட்வின். வாக்ஸ் விளம்பரக் காலம் அதற்குள் முடிந்திருந்தது.

இப்போது நம்ம ஊர்.

முதல் பிரச்சினை கரண்ட். அமெரிக்காவில் விற்ற ட்வின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே நேரே சொருகினால் புகைதான். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுக்குக் குறையாமல். அது வோல்ட்டைத்தான் குறைக்கும்; அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50, அதை மாற்றாது. அதனால் ஆம்ப்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் மலிவாகக் கிடைக்கிற ஸ்டெப்டவுன் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை, மெயின் லைனிலிருந்து அது உங்களைப் பிரித்து வைக்காது. இதோடு அறுபதுகளின் ஃபெண்டரில் இரண்டு பின் ப்ளக். எர்த் கிடையாது. அதற்குப் பதிலாக மெயின் லைனுக்கும் சேசிஸ் என்ற உலோகச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பி வரைக்கும் கரண்ட் வரும். மைக்கில் உதடு பட்டதும் தெரியும். பழைய ஃபெண்டர் வீட்டுக்கு வந்தால் முதல் வேலை அந்தக் கெபாசிட்டரைக் கழற்றி, மூன்று பின் ஒயர் போட்டு, எர்த்தை சேசிஸில் இறுக்குவது. ஒரிஜினாலிட்டி போகுதே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இங்கிலாந்து ஆம்ப்புகள் இதில் ஜெயிக்கின்றன. பழைய வாக்ஸ், மார்ஷல் பலவற்றில் பின்பக்கமே வோல்டேஜ் செலக்டர் உண்டு. அவர்கள் ஊரிலும் 50 ஹெர்ட்ஸ்தான். செலக்டர் எதில் நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அமெரிக்கா போய்விட்டுத் திரும்பிய ஆம்ப்பாகவும் இருக்கலாம். ஃபெண்டரிலும் ஏற்றுமதிக்கென்று செலக்டரோடு செய்தவை உண்டு, கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அடுத்தது வால்வு. ஏசி30-யில் பவருக்கு நாலு ஈஎல்84. அந்தக் கால வால்வு ரேடியோக்களிலும் இதே வால்வு இருந்தது. ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸிலேயே (பெல்) ஈஎல்84, ஈசிசி83 எல்லாம் செய்தார்கள். பெல் முத்திரை போட்ட அந்த வால்வுகளை இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரைப் பிடித்துவிட்டால் ஏசி30-யின் வயிறு அவருக்குப் பழகிய இடம்தான். எனக்குத் தெரிந்த சிவாஜிநகர் பெரியவர் ஒருவர் ஏசி30-யைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ரேடியோதானே தம்பி, கொஞ்சம் கோபக்கார ரேடியோ" என்றார். கோபம் என்று அவர் சொன்னது சூட்டை. ஈஎல்84-களை அவ்வளவு விரட்டி ஓட்டும் ஆம்ப் அது. மேல்பக்கக் காற்றோட்டத்தை மூடினால், அல்லது சுவரோடு ஒட்டி வைத்தால், வால்வும் கெபாசிட்டரும் சீக்கிரம் போகும். பெங்களூர் குளிர் இதற்கு நல்லது. சென்னையிலிருந்து வருகிற ஆம்ப் என்றால் துருவையும் பார்க்க வேண்டும், முக்கியமாக எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங் டேங்கை.

சத்தம் என்று வந்தால் மூன்றும் மூன்று திசை. ட்வின் நாலு 6எல்6 வால்வு போட்ட 85 வாட் ஆம்ப். வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்தாலும் கண்ணாடி மாதிரி சுத்தமாகவே நிற்கும். இளையராஜா பாட்டுக்கு நடுவில் வரும் கிட்டார் பிட்டுக்கும், கீபோர்டும் கோரஸும் சேர்ந்த சர்ச் பாட்டுக்கும் அது அப்படிப் பொருந்தும். ஆனால் எடை 30 கிலோவை ஒட்டி, ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். அதைக் கரகரக்க வைக்கிற அளவுக்கு முறுக்கினால் பக்கத்துப் ப்ளாட்டிலிருந்து ஆள் வந்துவிடும். ஏசி30 கிட்டாரின் மேல்ஸ்தாயியை மணி மாதிரி தூக்கிக் கொடுக்கும், வால்யூம் நடுவிலேயே லேசாக உடையத் தொடங்கும், விரலை மெதுவாகப் போட்டால் அடங்கிவிடும். மார்ஷல் தடிமனானது, அதன் அழகே உரக்க வைத்தால்தான். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உள்ள ஊரில் அந்த அழகை எத்தனை முறை அனுபவிக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். ஜேடிஎம்45-ன் பழைய ஒரிஜினலுக்குச் சேகரிப்பாளர்களோடு போட்டி போட வேண்டும். வாசிக்கிறவர் 1981-ல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800-ஐத் தேடுவது புத்திசாலித்தனம்.

ஆக என் தேர்வு? மெல்லிசை, சர்ச், ஸ்டுடியோ என்று கலந்து வாசிப்பவருக்கு ட்வினைவிட அதன் தம்பி டீலக்ஸ் ரிவெர்ப். 22 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 20 கிலோவுக்குள். ஸ்டெப்டவுன் தொல்லை இருந்தாலும் சகிக்கலாம். சொந்த இசை வாசிக்கும் சின்னக் குழுவுக்கு, நல்ல மெக்கானிக் கையில் இருந்தால், ஏசி30. மார்ஷல் மூன்றாவது, இதற்காக என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். மழையிலும் ஜெனரேட்டர் கரண்டிலும் கோவில் திருவிழா மேடையில் வாசிக்க வேண்டியவர் இந்த மூன்றையும் மறந்துவிட்டு 1975-லிருந்து வருகிற ரோலண்ட் ஜேசி-120 பார்க்கட்டும். அதில் வால்வே இல்லை, இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக 60 வாட், அதன் கோரஸ் எஃபெக்டுக்கு இணையே கிடையாது. ஜப்பானில் விற்ற பிரதியாக இருந்தால் 100 வோல்ட், கவனம்.

ஃபெண்டர் வாங்குவதென்றால் வயதைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் "ப்ரீ-சிபிஎஸ்" என்று ஒரு வார்த்தையைப் போடுவார். 1965 ஜனவரியில் சிபிஎஸ் கம்பெனி ஃபெண்டரை வாங்கியது, அதற்கு முந்தியது உசத்தி என்பது பேச்சு. கறுப்பு முகப்பு ஆம்ப்புகள் 1967 வரை பெரும்பாலும் அதே சர்க்கியூட்டில்தான் வந்தன, ஆகவே அந்த வார்த்தைக்குக் கூடுதல் பணம் தராதீர்கள். பெட்டிக்கு உள்ளே பக்கவாட்டில் வால்வு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் மங்கலாக இரண்டு எழுத்து முத்திரை: முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். ஓ என்றால் 1965, பி என்றால் 1966. ஆகவே ஓ-எஃப் என்றால் 1965 ஜூன். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் எண் இருக்கும், அது தயாரிப்பாளரின் குறியீடு. அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், கடைசி இரண்டு இலக்கம் வாரம். அட்டவணை 1965 என்று சொல்லி, டிரான்ஸ்ஃபார்மர் எழுபதுகள் என்று சொன்னால் நடுவில் ஏதோ எரிந்து மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தப்பில்லை, விலையைக் குறைக்கக் காரணம். வெள்ளி முகப்பு ட்வினில் 1977-க்குப் பிறகு வந்த 135 வாட் பிரதி வேண்டவே வேண்டாம். எடையும் சத்தமும் கூடியதே ஒழிய இனிமை கூடவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் ஆம்ப்பை அரை மணி நேரம் சூடாக்கி வாசித்துப் பாருங்கள். கிட்டார் சொருகாமலே உறுமல் கேட்டால் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்திருக்கும், அதை மாற்றுவது பெரிய செலவில்லை. வால்வு உள்ளே இருக்கும் தகடு செக்கச்செவேலென்று சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆகவே நீங்களாகத் திறந்து விரலை விடாதீர்கள். விற்பவர் அரை மணி நேரம் ஓடவிட மாட்டேன் என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பி வாருங்கள், அதே ஆம்ப் அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.