பஞ்சாலைத் தூசியும் நுரையீரலும்: ஒருமுறைக் கணக்கெடுப்பா, தொடர் ஆய்வா?

நூற்பாலைத் தொழிலாளர்களின் மூச்சுக் கோளாறை அறிய, வினாத்தாளோடு ஆலைக்குள் போய் ஒரே தடவையில் முடிக்கும் கணக்கெடுப்பு போதுமா, அதே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தபோது, கோவை வட்டாரத்துக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தேன். முதலாவதற்குச் செலவும் காலமும் குறைவு என்பதில் விவாதமே இல்லை.

வினாத்தாளை நான் ஒதுக்கவில்லை. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா என்ற கேள்வியைக் கொண்டுதான், 1950களில் தொழில்சார் நோய் மருத்துவர் ரிச்சர்டு ஷில்லிங் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில், பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸைப் படிநிலைகளாக வகுத்தார். ஆனால் அதே கேள்வியை வாரத்தின் நடுவில், மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்குதுங்க" என்ற பதிலே வரும். ஷிப்டுக்கு முன்னும் பின்னும், மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னால் இந்தத் தயக்கத்தைப் பெருமளவு தாண்டிவிடலாம். அதை ஒருமுறைக் கணக்கெடுப்பிலும் செய்ய முடியும்.

எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாத குறை வேறு. பஞ்சைச் சிக்கெடுக்கும், தூசி அதிகமுள்ள கார்டிங் பிரிவில் பதினைந்து ஆண்டுகளாக நிற்பவரைப் பரிசோதிக்கிறோம். அவரோடு வேலைக்குச் சேர்ந்து, மூச்சு முட்டியதால் மூன்றாம் ஆண்டிலேயே வேலையை விட்டவர் நம் பட்டியலில் இல்லை. தாக்குப்பிடித்தவர்களை மட்டுமே எண்ணுவதால், அதிக காலம் தூசியில் இருந்தவர்களே ஆரோக்கியமானவர்களாகத் தெரிகிறார்கள், நிர்வாகமும் அந்த அட்டவணையைக் காட்டி ஆபத்தில்லை என்கிறது. இதனால்தான் 1981இல் ஷாங்காயில் தொடங்கிய ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். 447 பருத்தி ஆலைத் தொழிலாளர்களையும், ஒப்பீட்டுக்காக 472 பட்டாலைத் தொழிலாளர்களையும் எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் அழைத்துப் பரிசோதித்தார்கள். பருத்தித் தூசியில் இருந்தவர்களின் நுரையீரல் திறன் கூடுதலாகக் குறைந்ததும், தூசியை விட்டு விலகியபின் அந்தச் சரிவு ஓரளவு மட்டுப்பட்டதும் அப்படித்தான் தெரியவந்தன. ஒருநாள் கணக்கெடுப்பில் இந்த இரண்டாவது உண்மை சிக்கவே சிக்காது.

தொடர் ஆய்விலும் ஆட்கள் கைநழுவுவார்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து சில மாதங்களில் ஊர் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பின்தொடர்வதில் எனக்கு அனுபவம் குறைவு. அவர்களிடம் இந்த ஆய்வுமுறை எவ்வளவு தாங்கும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். எல்லாக் கோளாறுக்கும் தொடர் ஆய்வு வேண்டும் என்றும் சொல்லவில்லை: முதுகுவலி, தோள்வலிக்கு, கடந்த 12 மாதங்களையும் 7 நாட்களையும் பற்றிக் கேட்கும் நோர்டிக் வினாத்தாளே (தசை, மூட்டு வலிகளுக்கான பொதுவான கேள்விப் பட்டியல்) தொடக்கத்துக்குப் போதும்.

கணக்கெடுப்புக்கு மட்டுமே பணம் இருந்தால், பழைய வருகைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, வேலையை விட்டவர்களில் சிலரையாவது வீடு தேடிப்போய்ப் பரிசோதியுங்கள்.