குழித் தலையணையா, குப்புறப் போடுவதா?

திருகோணமலையில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் சிலர், நடுவில் குழி விட்ட குட்டித் தலையணை ஒன்றும் வாங்கிப் போகிறார்கள். பின்தலை தட்டையாகாது என்ற நம்பிக்கைதான். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அது தலை வடிவைத் திருத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. ஒரு வயது வரை தலையணையே தேவையில்லை.

மற்ற வழிக்குக் காசு வேண்டாம். தூக்கம் எப்போதும் மல்லாக்க, கெட்டியான, சமமான படுக்கையில். விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கக் குப்புற. பாயில் துணி விரித்து முதலில் 3 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. பால் குடித்த கையோடு வேண்டாம், கக்கிவிடும். அழுதால் அம்மம்மா சாய்ந்திருந்து நெஞ்சில் போட்டுக்கொள்ளட்டும், அதுவும் கணக்குத்தான். பிள்ளை வெளிச்சம் வரும் யன்னலையே பார்க்கும். ஆகவே இன்று தலை வைத்த பக்கம் நாளை கால் இருக்கட்டும். தூக்கும் கையையும் மாற்றுங்கள்.

பலன் தெரிய வாரக்கணக்காகும். சரி, பரவாயில்லை, பெரும்பாலும் பிள்ளை எழுந்து உட்காரத் தொடங்கியபின் தட்டை குறைந்துவிடும். ஆனால் ஒரே பக்கம் மட்டும் கழுத்தைத் திருப்பினால், மண்டையில் மேடான கோடு தட்டுப்பட்டால், காத்திருக்காமல் மருத்துவ மாதிடமோ கிளினிக்கிலோ காட்டுங்கள். கழுத்துத் தசை இறுக்கத்துக்குப் பிசியோதெரபி நன்றாக உதவும்.