மாத்திரையா, கொய்யாவா, நிறுத்துவதா?

சென்னையில் கருத்தரிப்பு மையம் எங்கே இருந்தாலும் பக்கத்து மருந்துக்கடையில் ஆண்களுக்கான சத்து மாத்திரை கண்ணில் படும்படி அடுக்கப்பட்டிருக்கும். புகைப்பவர்களின் கேள்வி ஒன்றுதான்: புகையால் கெடும் விந்தணுவைக் காப்பாற்ற, சிகரெட்டை விடாமல் இதைப் போட்டுக்கொண்டால் போதாதா? போதாது. அதற்காக எல்லா வைட்டமினும் வீண் என்று தள்ளிவிடவும் முடியாது.

விந்தணுவின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அதிகம். காப்பாற்றும் நொதிகளுக்கோ அந்தச் சிறு உடலுக்குள் அதிக இடமில்லை. புகையால் பெருகும் ஃப்ரீ ராடிக்கல்கள் (செல்களைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகள்) சவ்வோடு நிற்காமல் டி.என்.ஏ. வரை போய்விடுகின்றன.

இவற்றை அடக்கும் தனி வைட்டமின்களில் என் ஓட்டு 'சி'க்குத்தான். விந்துத் திரவத்தில் அது இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு இருக்கிறது, புகைப்பவரிடம் குறைந்துவிடுகிறது. அமெரிக்கப் பரிந்துரை அவர்களுக்கு நாளொன்றுக்கு 35 மி.கி. கூடுதலாகக் கேட்பது இதனால்தான். 1992இல் வெளியான ஆய்வில் புகைக்கும் ஆண்கள் 75 பேர் ஒரு மாதம் கவனிக்கப்பட்டார்கள். தினம் 200 மி.கி., 1,000 மி.கி. 'சி' எடுத்த இரு குழுவிலும் விந்தணுவின் தரம் கூடியது, 1,000இல் அதிகமாக. ஆய்வு சிறியது, குழந்தை பிறந்ததா என்பதை அது அளக்கவில்லை.

'ஈ' கொழுப்பில் கரைவது. சவ்விலேயே நின்று காக்கும்; களைத்த 'ஈ'யை 'சி' மீட்டெடுக்கும். கேட்க நல்ல ஜோடிதான். ஆனால் தினமும் 400 யூனிட் 'ஈ' எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. மருத்துவர் சொல்லாமல் தொட மாட்டேன்.

எல்லாம் கலந்த கூட்டு மாத்திரையோ ஏமாற்றமே. 'சி', 'ஈ', செலினியம், துத்தநாகம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2020) விந்தணுவின் அசைவும் தேறவில்லை, டி.என்.ஏ.வும் தேறவில்லை. அதில் இருந்தவர்கள் எல்லோரும் புகைப்பவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டையில் பீட்டா கரோட்டின் (கேரட்டில் உள்ள சத்து) என்று இருந்தால் புகைப்பவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையில் தினம் 20 மி.கி. எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது (1994). கேரட் பொரியலுக்கு இந்தத் தடை இல்லை.

கொய்யா? 100 கிராமில் சுமார் 200 மி.கி. 'சி', அதாவது அந்த 1992 ஆய்வின் சிறிய அளவு. தள்ளுவண்டியில் நறுக்கி, மிளகாய்த்தூள் தூவித் தருகிறார்களே, 'சி'க்கு அதுவே போதும். உப்பை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் புகையோடு உள்ளே போகும் நச்சு உலோகங்களான காட்மியத்தையும் ஈயத்தையும் கொய்யாவும் வெளியேற்றாது, மாத்திரையும் வெளியேற்றாது. நிறுத்தினால்தான் வரத்து நிற்கும். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள், முதிர இன்னும் சில நாட்கள் ஆகும். ஆகவே நிறுத்தியதன் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் புகையிலையை விட உதவும் பிரிவு இருக்கிறது. 1800-11-2356 என்ற தேசிய எண்ணுக்குக் கட்டணம் இல்லை. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையை முதலில் செய்த அதே ஆய்வகத்திலேயே செய்யுங்கள். ஆய்வகம் மாறினால் இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிடுவது கடினம்.