கைகா விரிவாக்கம்: கனநீர் உலையா, ரஷ்ய உலையா?

கர்நாடகத்தின் கைகாவில் தலா 220 மெகாவாட் திறனுள்ள நான்கு கனநீர் அணு உலைகள் (கன ஹைட்ரஜன் கொண்ட நீரில் ஓடுபவை) இயங்குகின்றன. அங்கே கூடுதலாக அமைக்க, 2017-இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்த பத்து உலைகளில் இரண்டாக, 700 மெகாவாட் கனநீர் உலைகளே தேர்வாயின. கூடங்குளத்தில் ஓடும் 1000 மெகாவாட் ரஷ்ய உலையை ஏன் வைக்கவில்லை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பணிக்காலத்தைக் கனநீர் உலைப் பராமரிப்பிலேயே கழித்தவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

ஓர் அலகிலேயே கூடுதல் மின்சாரம் என்பது ரஷ்ய உலைக்குள்ள வெளிப்படையான அனுகூலம். ஆனால் முந்நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள அதன் அழுத்தக் கலன் (எரிபொருளை அடக்கும் பெரிய எஃகுக் கலம்) கூடங்குளத்துக்குக் கப்பலில் வந்தது; கைகாவோ காத்ரா நீர்த்தேக்கத்தை ஒட்டிய மலைக்காடு; அவ்வளவு எடையை அங்கே கொண்டுசேர்ப்பது எளிதல்ல.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு எரிபொருளில்தான் இருக்கிறது. ரஷ்ய உலைக்குச் செறிவூட்டிய யுரேனியம், அதாவது எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டியது, வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் அமெரிக்கா கைவிரித்ததால், அதே வகை யுரேனியத்தில் ஓடும் மகாராஷ்டிரத்துத் தாராப்பூரின் முதல் இரண்டு உலைகளுக்குப் பிரான்ஸ், சீனா, ரஷ்யா என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியதை நாம் பார்த்திருக்கிறோம். கனநீர் உலைக்கு இயற்கை யுரேனியமே போதும். யுரேனியக் குச்சிகளைச் சேர்த்த எரிபொருள் கட்டு ஹைதராபாத்தில் தயாராகிறது. அரை மீட்டர் நீளமுள்ள புதிய கட்டைக் கையுறை போட்டுக் கையாலேயே தூக்கிப் பரிசோதிக்கலாம். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனையில் புதியதைச் செலுத்தி, மறுமுனையில் எரிந்ததை எடுத்துவிடலாம். கைகாவின் முதல் அலகு 2018 டிசம்பர் வரை 962 நாட்கள் நிற்காமல் ஓடியதற்கு இந்த ஏற்பாடு பெருங்காரணம். ரஷ்ய உலையை எரிபொருள் மாற்றவே நிறுத்தியாக வேண்டும்.

ஆயினும் 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உள்நாட்டு யுரேனியம் போதாமல் கனநீர் உலைகளும் திறனைக் குறைத்து ஓடின என்பதை மறைக்கக் கூடாது. எரிந்த எரிபொருளும் இவ்வகை உலையில் பல மடங்கு அதிகமாகச் சேரும்.

பராமரிப்பிலும் கனநீர் உலை சொகுசானதல்ல. கனநீரில் உருவாகும் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்துக்கு அஞ்சி, காற்றுக்குழாய் இணைத்த பிளாஸ்டிக் உடைக்குள் வியர்த்தபடி வேலை செய்ய வேண்டும். விலையுயர்ந்த கனநீர் ஆவியாகிப் போனால் அதைக் காற்றிலிருந்தே உலர்த்திகளால் மீட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதிர்வீச்சில் நாளடைவில் தொய்ந்துபோகும் அழுத்தக் குழாய்களை (எரிபொருள் கட்டுகள் இருக்கும் குழாய்கள்) உலையின் ஆயுளுக்கு நடுவே மொத்தமாக மாற்ற நேரலாம். கல்பாக்கத்தின் இரு உலைகளும் அதற்காகவே நீண்ட காலம் நிறுத்தப்பட்டன. இப்போது பயன்படும் சிர்கோனியம்–நியோபியக் கலவைக் குழாய்கள் பழையவற்றைவிட உறுதியானவை. ஆனால் 700 மெகாவாட் வகையில் முதலாவதான, குஜராத்தின் காக்ராப்பாரிலுள்ள மூன்றாம் அலகு வணிக உற்பத்தியைத் தொடங்கியதே 2023 ஜூனில்தான். 220 மெகாவாட் உலையில் நான் கண்டதை அப்படியே இதற்குப் பொருத்திப் பேச முடியாது. ஆகவே, கைகாவுக்கு இவ்வகையையே பரிந்துரைத்தாலும், குழாய் மாற்றத்துக்கான நிறுத்தக் காலத்தையும் செலவையும் திட்ட மதிப்பீட்டில் இப்போதே எழுதி வைக்கச் சொல்வேன்.