ஸ்டாரெஹே: வெளியாளாகப் பழகிய ஒரு நைரோபிப் பள்ளி

நைரோபிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடுவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தைத்தான் விசாரிப்பார்கள். பார்க்லண்ட்ஸில் எது நல்லது, வெஸ்ட்லண்ட்ஸில் எது, பிரிட்டிஷ் பாடத்திட்டமா, பஸ் வாசல்வரை வருமா என்று கேள்விகள் வரிசையாக வரும். ஸ்டாரெஹேயைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டாலும் இடம் கிடைக்காது என்பது வேறு விஷயம். நான் நெருக்கமாகப் பார்த்த கென்யப் பள்ளி அது ஒன்றுதான் என்பதால், நீண்டநாள் பழக்கத்தில் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

நான் அங்கே படித்தவனல்ல, என் பிள்ளையும் அங்கே படிக்கவில்லை. நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு விடுமுறைதோறும் அந்தப் பள்ளிப் பையன்கள் தொண்டு வேலைக்கு வருவார்கள். அந்தப் பழக்கத்தில் சில சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லித்தரப் போக ஆரம்பித்தேன். பிறகு ஒரு பையனின் படிப்புச் செலவிலும் பங்கெடுத்தேன். ஆக, இது பெற்றோரின் பார்வையும் இல்லை, பழைய மாணவரின் பெருமையும் இல்லை.

நகரின் கிழக்கே, பழைய இந்தியக் குடியிருப்பான ங்காராவைத் தாண்டி, கரியகோர் சந்தைக்கும் பும்வானிக்கும் பக்கத்தில், ஜெனரல் வாருயிங்கே தெருவில் இருக்கிறது ஸ்டாரெஹே ஆண்கள் மையமும் பள்ளியும். முழுப் பெயரில் 'மையம்' முதலில் வரும், 'பள்ளி' பிறகுதான். வரலாறும் அதே வரிசைதான்.

1952இல் காலனி ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் அரசு அவசரநிலை அறிவித்தது. 1954 ஏப்ரலில் 'ஆப்பரேஷன் ஆன்வில்' என்ற பெயரில் நைரோபியைச் சுற்றி வளைத்து, பல்லாயிரம் கிக்கூயு மக்களைத் தடுப்பு முகாம்களுக்கு ஏற்றினார்கள். அப்பன் முகாமில், அம்மா எங்கோ, வீடு இல்லை. அந்த வருடங்களில் நைரோபித் தெருவில் சிறுவர்கள் நிறைந்தது இப்படித்தான். முகாம்களிலும் சிறுவர்கள் இருந்தார்கள். வாமுமு என்ற இடத்தில் அவர்களுக்கெனத் தனி முகாமே நடந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜெஃப்ரி கிரிஃபின். 1933இல் எல்டோரெட்டில் பிறந்த வெள்ளையர், ராணுவத்திலும் இருந்தவர். 1959இல், இருபத்தாறு வயதில், ஜெஃப்ரி கெடூரோ, ஜோசஃப் கிகூபு என்ற இரண்டு கென்யர்களோடு சேர்ந்து இந்த மையத்தைத் தொடங்கினார். ஷெல், பி.பி. எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த இரண்டு தகரக் கொட்டகைகள்தான் மூலதனம். தெருப் பையன்களைக் கூட்டிவந்து சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, எழுத்தும் கைத்தொழிலும் கற்பித்தார்கள். உயர்நிலைப் பள்ளி பிறகு வந்து சேர்ந்தது.

கிரிஃபினோடு மற்ற இருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதை அங்கே விடாமல் கடைப்பிடிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆப்பிரிக்காவின் பழைய பள்ளிகள் பலவற்றில் சுவரில் ஒரே ஒரு வெள்ளைக்காரர் மட்டும் தொங்கிக்கொண்டிருப்பார்.

சீருடையில் நீலமும் சிவப்பும். 'நாடுலெங்கே ஜூ', உயரத்தைக் குறிவைப்போம், என்று ஸ்வாஹிலியில் குறிக்கோள். பேண்டு வாத்தியம், அணிவகுப்பு, நிமிடக் கணக்கில் நடக்கும் நாள், மாணவத் தலைவர்களிடம் பெரிய பொறுப்பு. இதிலெல்லாம் ராணுவ வாடை கொஞ்சம் தூக்கலாகவே அடிக்கும். கிரிஃபின் 1964இலிருந்து 1988வரை கென்யாவின் தேசிய இளைஞர் சேவைக்கும் இயக்குநராக இருந்தவர் என்பதை நினைத்தால் வியப்பில்லை. பையன்கள் சாப்பிடும் வேகத்தைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். உகாலி என்ற சோளமாவுக் களியும் சுகுமா கீரையும் தட்டில் விழுந்தது தெரியும், காலியானது தெரியாது.

பழைய மாணவர்கள் கூடினால் வரும் இன்னொரு பேச்சு பேட்ரிக் ஷா. பள்ளி நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். இரவில் போலீஸ் ரிசர்விஸ்ட், அதாவது போலீசோடு சேர்ந்து வேலை செய்யும் துணைக் காவலர். பெருத்த உடம்போடு அவர் காரில் வந்தால் நைரோபியின் கொள்ளைக்காரர்கள் நடுங்கினார்கள், அவர் துப்பாக்கிக்குப் பலர் பலியானார்கள். 1988இல் மாரடைப்பில் இறந்தார். பகலில் ஏழைப் பையன்களுக்குக் காவல், இரவில் அதே பேட்டைகளில் வேட்டை. இதைப் பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு, சொல்லாமல் கடந்துபோகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கூட்டத்தோடு இருக்கவே விரும்புவேன்.

இவையெல்லாம் வேறு பள்ளிகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருப்பவைதான். ஸ்டாரெஹேக்கே உரியது என்று நான் நினைப்பது பராஸா.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஊர்க்கூட்டத்துக்குப் பராஸா என்று பெயர். காலனிக் காலத்திலிருந்து அது பெரும்பாலும் அதிகாரி பேச, ஊர் தலையாட்டும் கூட்டமாகவே இருந்தது. கிரிஃபின் அதைத் திருப்பிப் போட்டார். வாரந்தோறும் பள்ளி முழுவதும் மண்டபத்தில் கூடும். எந்த மாணவனும் எழுந்து இயக்குநரைக் கேள்வி கேட்கலாம். சாப்பாடு, துணி காயப்போடும் இடம், மாணவத் தலைவர் கொடுத்த தண்டனை, ஆசிரியர் வகுப்புக்கு வராதது என எதுவும் வரலாம். நிபந்தனை ஒன்றுதான்: மரியாதையாகக் கேட்க வேண்டும். கேட்டதற்காகப் பிறகு யாரும் அவனைத் தொடக்கூடாது. பதிலை எல்லோர் முன்னாலும் அங்கேயே சொல்ல வேண்டும். உடனே முடியாவிட்டால் விசாரித்து அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. நான் படித்த அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் அறையைக் கடக்கும்போதே குரலைத் தாழ்த்துவோம். ஆயிரம் பேருக்கு நடுவில் எழுந்து "ஏன் சார்?" என்று கேட்பதாவது! பிறகு ஒருமுறை விருந்தாளியாகப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் வருடத்துப் பொடியன் ஒருவன் எழுந்து, நூலகத்தை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கக்கூடாதா என்று கேட்டான். முடியாது என்றார் இயக்குநர். ஏன் முடியாது, எத்தனை ஆள் தேவை, அதற்கு என்ன செலவு என்று மூன்று நிமிடம் விளக்கினார். பையன் நன்றி சொல்லி உட்கார்ந்தான். கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் காரணம் கிடைத்தது. நானும் அலுவலகத்தில் எத்தனையோ 'முடியாது' கேட்டிருக்கிறேன். காரணத்தோடு வந்தவை குறைவு.

கென்யாவில் இது வெறும் நல்ல பழக்கம் மட்டுமில்லை. இந்த நாட்டின் விடுதிப் பள்ளிகளில் மாணவர் கோபம் தீயாக வெடித்திருக்கிறது. 2001 மார்ச்சில் மச்சாகோஸ் பகுதியில் கியாங்குலி பள்ளியின் விடுதிக்குத் தீ வைக்கப்பட்டதில் 67 பையன்கள் கருகி இறந்தார்கள். 2008இலும் 2016இலும் விடுதி எரிப்புகள் அலையாகப் பரவின. ஒவ்வொரு முறையும் விசாரணை நடக்கும், ஒவ்வொரு முறையும் 'மாணவர் குறையைக் கேட்க வழி இல்லை' என்று பேச்சு வரும், உடனே யாராவது ஸ்டாரெஹே பராஸாவை உதாரணம் காட்டுவார்கள். பல பள்ளிகள் அதை எடுத்துக்கொள்ளவும் செய்தன. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், துணைத் தலைமையாசிரியர் வடிகட்டித் தருவார். அதற்கும் பராஸா என்றுதான் பெயர்.

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகிய பையன் வெளியே வந்தால் எப்படி இருப்பான்? இது எனக்கு நேரடியாகத் தெரியும். விடுமுறையில் அரசு அலுவலகம், மருத்துவமனை, பள்ளி என்று சம்பளமில்லாமல் வேலை செய்யப் போவது அங்கே இன்னொரு பழைய வழக்கம். பெரும்பாலும் இலவசமாகப் படிக்கிறவர்கள், அதற்குப் பதிலாக நாட்டுக்குச் செய்யும் கைம்மாறு என்று இதை விளக்குவார்கள்.

எங்கள் ஆவணப் பிரிவுக்கு ஒரு ஆகஸ்டில் வந்தவன் ஒல்லியாக, கொஞ்சம் திக்கிப் பேசுகிறவன். நோயாளிக் கோப்புகளை அடுக்கும் வேலை. சில நாட்களிலேயே ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். இங்கே ஒருவருக்கு மூன்று பெயர் இருக்கும்: ஞானஸ்நானப் பெயர், சொந்தப் பெயர், தகப்பன் பெயர். ஒரு வருகையில் ஒரு வரிசையில் எழுதுவார்கள், அடுத்த வருகையில் வேறு வரிசை. இரண்டு கோப்பு என்றால் ஒன்றில் இருக்கும் மருந்து ஒவ்வாமைக் குறிப்பு மற்றதில் இருக்காது. எங்களில் பலருக்கு அது அரசல்புரசலாகத் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. வாராந்திரக் கூட்டத்தில், பிரிவுத் தலைவி "வேறு ஏதாவது?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டபோது, இவன் எழுந்து நின்றான். பதினேழு வயது. "மேடம், இதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை, அதனால் இங்கேயே கேட்கிறேன்" என்று ஆரம்பித்து, திக்கித் திக்கி, நான்கு கோப்புகளை எடுத்துக் காட்டினான். குற்றம் சாட்டும் குரல் இல்லை, பயமும் இல்லை. அறையில் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடையாள அட்டை எண்ணை வைத்துக் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை அதற்கப்புறம்தான் தொடங்கியது.

எல்லாப் பையன்களும் அப்படி என்று சொல்லமாட்டேன். தூங்கி வழிந்தவர்களும் வந்திருக்கிறார்கள். ஆனால் பெரியவர்களிடம் கேள்வி கேட்பதும் பணிவாக இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கிறது. பெயர் பெற்ற பழைய மாணவர்கள் பலர்: கல்வி அமைச்சராக இருந்த ஜார்ஜ் மகோஹா, அதிபர் தேர்தலில் நின்ற பீட்டர் கென்னத், கிபேரா தொகுதி எம்.பி. கென் ஒகோத். 2019இல் காலமான ஒகோத், கிபேரா குடிசைப் பகுதியில் வளர்ந்து ஸ்டாரெஹேயில் இடம் பெற்றவர். எம்.பி. ஆனதும் கல்வியையே முதல் வேலையாக வைத்துக்கொண்டார்.

குறை என்று நான் நினைப்பது இந்தப் பட்டியலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. 1959இல் தெருவில் கிடந்த பையன் எவனும் உள்ளே வரலாம். மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. பிறகு தேசியத் தேர்வில் முன்வரிசைக்கு வந்து பள்ளி புகழ்பெற்றது. இடத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி. இன்றைக்கு ஏழையாகவும் இருக்க வேண்டும், நல்ல மதிப்பெண்ணும் எடுத்திருக்க வேண்டும். பத்தில் ஏழு பேர் அளவில் இலவசம், மற்றவர்கள் வசதிக்கேற்பக் கட்டுகிறார்கள் என்பது இன்னமும் பெரிய விஷயம்தான். ஆனால் கிகோம்பா சந்தையில் மூட்டை தூக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையனுக்கு அந்த வாசல் இப்போது திறக்காது. தொடங்கியதே அவனுக்காகத்தான். எத்தனையோ வழக்கங்களைக் கட்டிக்காத்த பள்ளி, இந்த ஒன்றை மட்டும் கை நழுவ விட்டுவிட்டது. நிதி, தேர்வு, பெயர் என்று காரணங்கள் புரிகின்றன. உறுத்தல் போகவில்லை.

இன்னொன்று, எல்லாமே ஒரு மனிதரின் நிழலில் வளர்ந்தது. தொடங்கிய நாளிலிருந்து 2005 ஜூனில் இறக்கும்வரை கிரிஃபின்தான் இயக்குநர். நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேல். பராஸா அவர் பொறுமையில் ஓடியது என்பார்கள் பழையவர்கள், அவர் காலத்தில் பள்ளியில் வேலைநிறுத்தமே நடந்ததில்லை என்றும் சொல்வார்கள். அப்படியானால் அடுத்து வரும் ஒவ்வொருவரும் அவரோடு ஒப்பிடப்பட்டே தீரவேண்டும். அது நியாயமில்லை. அவருக்குப் பிறகும் கேள்வி கேட்கும் வழக்கம் நின்றுவிடவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது கென்யாவின் கல்விமுறையே மாறிவிட்டது. எட்டாம் வகுப்பு முடிவில் எழுதும் கே.சி.பி.இ. தேர்வு 2023ஆம் ஆண்டோடு முடிந்தது. 2026 ஜனவரியிலிருந்து மேல்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்பில் தொடங்குகிறது. முன்பு பதிமூன்று, பதினான்கு வயதில் வந்து நான்கு வருடம் இருப்பார்கள். இனி வயது கூடிய பையன்கள், மூன்றே வருடம். எழுந்து நின்று பேசும் துணிச்சல் பலருக்கு இரண்டாவது வருடத்தில்தான் வருவதாக நான் கவனித்திருக்கிறேன். மூன்று வருடத்தில் அது எப்படி அமையும் என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மகனைச் சேர்க்கும் எண்ணத்தோடு இதுவரை படித்தீர்கள் என்றால், விட்டுவிடுங்கள், அது நமக்கான இடமில்லை. ஒரு பையனின் செலவை ஏற்க முடியுமானால் பள்ளி அலுவலகத்தில் நேரில் விசாரிக்கலாம். ஒரு வருடம் கொடுத்துவிட்டு நிறுத்துவதைவிட, சிறிய தொகையானாலும் அவன் படிப்பு முடியும்வரை கொடுப்பது மேல். நைரோபியில் அலுவலகமோ கிளினிக்கோ நடத்துகிறீர்கள் என்றால் விடுமுறைத் தொண்டுக்குப் பையன்களைக் கேளுங்கள். பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்யுங்கள், டீ வாங்கிவர அனுப்பாதீர்கள், உங்கள் வாராந்திரக் கூட்டத்தில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.