14 நாள் கையில் ஒட்டியிருந்த சர்க்கரைச் சென்சார்: ஒரு மதிப்புரை

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 108 என்று ஆய்வகத்திலிருந்து வந்ததும், 100-க்குள் இருப்பதே இயல்பு, 126-ஐத் தொட்டால் நீரிழிவு, நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள், சாப்பாட்டில் கவனமாக இருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். எதில் கவனம், எவ்வளவு கவனம் என்பதை நானே பார்த்துவிடலாம் என்றுதான் மேற்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் சென்சார் ஒன்றை வாங்கினேன். இதன் ஆயுள் 14 நாள். அன்றாட உணவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க இது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வட்டு. அதன் அடியில் முடியளவு மெல்லிய இழை. கூடவே வரும் கருவியைக் கையில் வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்; விரலில் குத்திக்கொள்வதைவிட வலி குறைவு. இந்த இழை இரத்தத்துக்குள் போவதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸையே அளக்கிறது. ஆகவே இரத்தத்தில் நடப்பது கைபேசித் திரைக்கு வந்து சேர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை தாமதமாகிறது. முதல் நாள் அளவுகள் விரல் சோதனையோடு ஒத்துப்போகவே இல்லை. அந்த நாளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே. 1981-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் வகுத்த கிளைசெமிக் குறியீட்டின் முறையை எடுத்துக்கொண்டேன். செரிக்கக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் இருக்கும்படி ஓர் உணவை உண்டு, இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து, அதைத் தூய குளுக்கோஸின் 100-உடன் ஒப்பிடுவதே அந்த முறை. 55 வரை தாழ்வு, 70-உம் அதற்கு மேலும் உயர்வு. தராசில் நிறுக்கத் தொடங்கியபோதே பாதிப் பாடம் கிடைத்துவிட்டது. ஏறக்குறைய 180 கிராம் சோற்றில் அந்த 50 கிராம் வந்துவிடுகிறது. தர்பூசணியில் அதே அளவைப் பெற 650 கிராமுக்கு மேல் தின்றாக வேண்டும். தர்பூசணியின் குறியீடு 70-ஐத் தாண்டுகிறது என்று பயமுறுத்துபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ஒரு துண்டில் இருக்கும் மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால் கைபேசித் திரையில் என் சர்க்கரை அளவைக் காட்டும் கோடு அசைந்ததே தெரியவில்லை.

என்னை உண்மையில் திகைக்க வைத்தது ரொட்டி. வெள்ளை ரொட்டி ஒரு காலை, முழுக் கோதுமை ரொட்டி மறு காலை என்று உண்டு இரண்டு கோடுகளையும் அருகருகே வைத்தபோது எது எதுவென்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தால், சர்வதேச அட்டவணையிலும் சராசரி 75, 74 என்றுதான் இருக்கிறது. தவிடு சேர்ந்திருந்தாலும் மாவு நைசாக அரைபட்டுவிட்டால் செரிமான நொதிகளுக்குத் தடையேதும் இல்லை. கொண்டைக்கடலையோ முழுதாக வெந்தது; அதன் தோலும் செல்சுவரும் மாவுச்சத்தை உள்ளே பூட்டி வைத்திருப்பதால் கோடு சிறு மேடாக எழுந்து அடங்கிவிட்டது. சூடான உருளைக்கிழங்கு நாற்பது நிமிடத்தில் 70 புள்ளிகள் ஏற்றியது. வேகவைத்து இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்த கிழங்கின் ஏற்றம் 50 புள்ளிகளுக்குள் நின்றது. ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுவதே இதற்குக் காரணம்.

ஆனால் ஒரே உணவு இரண்டு நாள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நன்றாகத் தூங்கிய நாளில் சோறு ஏற்றியதைவிட, நான்கு மணி நேரமே தூங்கிய மறுநாள் 20 புள்ளி கூடுதலாக ஏற்றியது. காய்கறியும் முட்டையும் முதலில் உண்டு அதன்பின் அதே சோற்றை உண்டபோது சிகரம் தாழ்ந்தது. உண்டவுடன் கால் மணி நேரம் நடந்தபோது இன்னும் தாழ்ந்தது. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் சிறிதன்று: இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவுக்கு வெவ்வேறு மனிதர்களின் சர்க்கரை வெகுவாக வேறுபட்டது. அதனால் என் எண்களை யாரும் தமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறை என்றால் முதலில் செயலியைத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உணவுக்கும் அது மதிப்பெண் போடுகிறது, அதுவும் இரண்டு மணி நேரத்தை மட்டும் பார்த்து. எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஆப்பிளைவிட நல்ல மதிப்பெண் கிடைத்தது. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் வறுவலின் ஏற்றம் மூன்றாம் மணியில்தான் வந்தது; அதற்குள் செயலி பாராட்டி முடித்திருந்தது. அடுத்தது இரவு எச்சரிக்கை. விடியற்காலை மூன்று மணிக்கு 54 என்று அலறி எழுப்பியது. பதறிப்போய் விரலில் குத்திப் பார்த்தால் 91. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் இப்படித் தவறாகக் குறைத்துக் காட்டும் என்பது கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. ஒட்டும் பசை பதினோராம் நாளே ஓரத்தில் பெயரத் தொடங்கியது. சேவை மையத்துக்கு எழுதியதற்கு, தோலை உலர்வாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற ஆயத்தப் பதில் வந்தது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இது உயிர் காக்கும் கருவி. அதை எடைபோட எனக்குத் தகுதியில்லை. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் ஒருமுறை வாங்கலாம், ஆனால் எந்தெந்த உணவைச் சோதிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு வாங்க வேண்டும். இரண்டு மூன்று உணவுகளைப் பற்றி மட்டுமே ஐயம் என்றால், சாதாரண குளுக்கோமீட்டரில் உண்பதற்கு முன் ஒரு முறையும் பிறகு அரை மணிக்கு ஒரு முறையுமாக இரண்டு மணி நேரம் குத்திப் பார்ப்பதே போதும். என் பட்டியலில் ஓட்ஸும் வாழைப்பழமும் மட்டும் மீதி இருக்கின்றன, அவற்றுக்கு விரல்தான்.