கேக் மிக்ஸ் பெட்டியில் குக்கி: ஏழு வருட அனுபவம்

அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்துக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் எதிர்வீட்டுப் பாட்டி ஒரு தட்டு நிறைய சாக்லேட் குக்கி கொண்டுவந்து கொடுத்தார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு பெட்டி கேக் மிக்ஸ், இரண்டு முட்டை, அரை கப் எண்ணெய், தண்ணீர் மட்டும் சேர்க்காதே என்றார். அவ்வளவுதான் செய்முறை. மாவு, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. தண்ணீர் சேராததால் கலவை ஊற்றும் பதத்துக்குப் போகாமல் உருட்டும் பதத்தில் நின்றுவிடுகிறது.

அவர் சொன்னபடியே செய்தேன். தட்டில் எண்ணெய் மினுக்க, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பரந்து கிடந்தன. நாலைந்து முறை இதே கதை. அப்புறம் ஒருநாள் பெட்டியின் எடையைப் பார்த்தேன்: 15.25 அவுன்ஸ், அதாவது 432 கிராம். பாட்டியின் செய்முறை அட்டை 18.25 அவுன்ஸ் பெட்டிகள் விற்ற காலத்தது. பெட்டி சிறுத்தது, அட்டையில் எழுதிய அளவு அப்படியே நின்றுவிட்டது. இப்போது 13.25 அவுன்ஸ் பெட்டிகளும் வருகின்றன. அதனால் வாங்கும்போதே எடையைப் பாருங்கள். 15.25 அவுன்ஸ் பெட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு கப் எண்ணெய் போதும். அதற்குப் பிறகு எனக்கு ஒருமுறைகூடப் பரந்ததில்லை.

ஓவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட். ஒன்பதாவது நிமிடத்தில் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஓரம் இறுகியிருக்கும், நடுவில் மட்டும் ஈரப் பளபளப்பு தெரியும். இன்னும் வேகவில்லையே என்று கை பதறும். ஆனாலும் அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும். தட்டின் சூட்டிலேயே ஐந்து நிமிடத்தில் நடுப்பகுதி அடங்கிவிடும். இன்னும் மூன்று நிமிடம் விட்டால் ஆறியதும் ரஸ்க் மாதிரி ஆகிவிடுகிறது.

எலுமிச்சை மிக்ஸில் செய்வது எங்கள் வீட்டின் செல்லம். உருண்டையை முதலில் சாதாரணச் சர்க்கரையில் புரட்டி, பிறகு பொடித்த சர்க்கரையில் கனமாகப் புரட்ட வேண்டும். நேராகப் பொடியில் புரட்டினால் அது ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். சரியாக அமைந்தால் வெள்ளை மேற்பரப்பு வெடித்து, உள்ளே மஞ்சள் கோடுகோடாகத் தெரியும். மகள் ஓவன் முன்னால் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குறை என்றால் இனிப்புதான். அத்தை வந்திருந்தபோது ஒன்றைக் கடித்துவிட்டு, "இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா" என்றார். உண்மைதான். மாவில் இருக்கும் சர்க்கரையை நம்மால் குறைக்க முடியாது. கால் டீஸ்பூன் உப்பும், சாக்லேட் மிக்ஸ் என்றால் ஒரு டீஸ்பூன் காபித் தூளும் சேர்க்கிறேன். வெனிலா மிக்ஸில் ஏலக்காய்த் தூளும் உடைத்த பிஸ்தாவும் போட்டதை அத்தை இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முட்டை சாப்பிடாதவர்களுக்காக அரை கப் தயிர் சேர்த்துப் பார்த்தேன். ருசி நன்றாகவே இருந்தது, ஆனால் வந்தது சின்னச் சின்னக் கேக்.

காலாவதியாகி ஒரு வருடமான பெட்டியை ஒருமுறை பயன்படுத்தி, உப்பாமல் தட்டையாக வந்ததையும் சொல்ல வேண்டும். தள்ளுபடி என்று பத்துப் பெட்டி வாங்கி அடுக்காதீர்கள். பிள்ளைகளைப் பச்சைக் கலவையை வழித்து நக்கவும் விடாதீர்கள்; முட்டை மட்டுமல்ல, மாவும் வேகாததுதான்.

இப்போதெல்லாம் மாவு உருண்டைகளை ஃப்ரீசரில் போட்டு வைக்கிறேன். யாராவது வந்தால் ஆறு உருண்டை எடுத்து, உறைந்தபடியே, இரண்டு நிமிடம் கூடுதலாக வைத்து எடுத்தால் போதும். டீ கொதித்து இறங்குவதற்குள் தட்டு தயாராகிவிடுகிறது.